புள்ளியும் அச்சுப்புள்ளியும்: லேசர் அச்சில் தமிழ் எழுத்து

முன்னுரை

தமிழ் அச்சு வரலாறு குறித்து வெளிவந்துள்ள ஆய்வுகளுள் பெரும்பாலானவை ஈய எழுத்துக் காலத்தையே பொருளாகக் கொண்டவை. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் நிறுவப்பெற்ற அச்சுக்கூடம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதிப்பு முயற்சிகள் ஆகியன விரிவாக ஆராயப்பெற்றுள்ளன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஈய எழுத்தையே வழக்கொழியச் செய்த மாற்றமோ அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை. நூல்களின் பதிப்பு விவரப் பக்கத்தில் 'அச்சுக்கோப்பு' என்றிருந்த இடத்தில் 'ஒளியச்சு', 'கணினியச்சு' என்னும் சொற்கள் வந்தமர்ந்தன. அச்சொற்களுக்குப் பின்னால் நிகழ்ந்தது என்ன என்பது எழுத்து வரலாற்றைச் சார்ந்த வினாவாகும்.

கணினியில் அச்சுக்கோத்த தமிழ், லேசர் அச்சுப்பொறியிலிருந்து செம்மையாக வெளிவருவதற்கு எதிர்கொண்ட தடைகளையும் அவை கடக்கப்பெற்ற முறைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழும் தெலுங்கும் ஒரே தாளில் இடம்பெறும் வாய்ப்புடைய ரேணிகுண்டா, திருப்பதி வட்டாரம் இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டும் களமாதலின், அது தனியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. எழுத்தின் மேலிடும் புள்ளியையும் பொறி இடும் புள்ளியையும் வேறுபடுத்தும் பொருட்டுப் பின்னது இக்கட்டுரையில் 'அச்சுப்புள்ளி' எனப்படுகிறது.

சிறு குறிகளும் பொருள் வேறுபாடும்

தமிழ் எழுத்தில் பொருளைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் மிகச் சிறிய குறிகளாகும். மெய்யை உயிர்மெய்யினின்றும் பிரிப்பது ஒரு புள்ளி. 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் வேறாவது கீழ்நோக்கி இழுத்த ஒரு சிறு கோட்டால். 'கொடு', 'கோடு' என்னும் சொற்களைப் பிரிப்பது கொம்பின் மேற்புறச் சுழி. இகரக் குறிக்கும் ஈகாரக் குறிக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு சுழியே. ரகரமும் காலும் ஒன்றோடொன்று மயங்காமல் இருப்பது ரகரத்தின் அடியிலுள்ள சாய்கோட்டால்.

தொல்காப்பியம் மெய்யெழுத்திற்கும் எகர ஒகரங்களுக்கும் புள்ளியை விதித்துள்ளது. எனினும் ஓலைச்சுவடிகளிலும் பல கல்வெட்டுகளிலும் புள்ளியிடும் வழக்கம் அருகியே காணப்படுகிறது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் எழுதப்பட்டமையால் நேர்ந்த மயக்கத்தை நீக்கப் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் தமிழுலகு அறிந்ததே. சுவடியினின்றும் நூல் பதிப்பித்தவர்களின் உழைப்பில் ஒரு பெரும்பகுதி, ஏட்டில் இல்லாத புள்ளியை உரிய இடத்தில் இடுவதிலேயே கழிந்தது. அச்சு வந்த பின்னரே புள்ளி நிலைபெற்றது என்பது மிகையன்று. அவ்வாறு அரிதின் நிலைபெற்ற குறிகளே லேசர் அச்சின் தொடக்கக் காலத்தில் முதலில் இடருக்குள்ளாயின.

லேசர் அச்சுப்பொறியின் இயல்பு

லேசர் அச்சுமுறையை உருவாக்கியவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கேரி ஸ்டார்க்வெதர் ஆவார். 1971இல் அவர் அந்நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்திற்குச் சென்று அம்முயற்சியைத் தொடர்ந்தார். 1977இல் ஜெராக்ஸ் 9700 என்னும் பேரளவுப் பொறி விற்பனைக்கு வந்தது. மேசைமேல் வைக்கத்தக்க பொறியைப் பரவலாக்கியது கேனன் நிறுவனத்தின் சிஎக்ஸ் என்னும் அச்சு இயந்திரம். அதனை உள்ளே கொண்டு ஹியூலெட் பாக்கார்டு நிறுவனத்தின் லேசர்ஜெட் 1984இலும், ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் 1985இலும் வெளிவந்தன. அமெரிக்காவில் முன்னதன் விலை 3,495 டாலர்; பின்னதன் விலை 6,995 டாலர். இரண்டும் ஓர் அங்குலத்திற்கு 300 அச்சுப்புள்ளி இடுவன.

மின்னேற்றம் பெற்ற உருளையொன்றின்மீது, சுழலும் கண்ணாடியினின்றும் தெறிக்கும் லேசர்க் கதிர் வரிவரியாக விழுகிறது. கதிர் பட்ட இடத்தில் மின்னேற்றம் மாறுகிறது. அம்மாற்றத்திற்கேற்ப மைத்தூள் ஒட்டுகிறது. பின்னர்த் தாளுக்கு மாறிய தூள் வெப்பத்தால் உருகிப் படிகிறது. இங்கு எழுத்து என்று தனியே ஒன்றில்லை. எந்த அச்சுப்புள்ளி கருமை, எது வெண்மை என்னும் கட்டளையே உண்டு. ஆதலின் இப்பொறி எந்த மொழியையும் அச்சிடவல்லது என்பது கோட்பாட்டளவில் உண்மை. நடைமுறையோ வேறாக இருந்தது.

முதல் தடை நினைவகம். ஏ4 தாள் முழுவதையும் 300 அச்சுப்புள்ளிச் செறிவில் நிரப்ப 2,480 பெருக்கல் 3,508, அதாவது ஏறத்தாழ 87 இலட்சம் அச்சுப்புள்ளிகள் வேண்டும். ஒவ்வொன்றிற்கும் ஒரு பிட் எனக் கொள்ளின், ஒரு பக்கத்திற்குச் சற்றேறக்குறைய ஒரு மெகாபைட் தேவை. முதல் லேசர்ஜெட்டில் இருந்ததோ 128 கிலோபைட் மட்டுமே. உரோமன் எழுத்துகளின் வடிவங்கள் பொறிக்குள்ளும் செருகத்தக்க பேழைகளிலும் முன்னரே இருந்தமையால் ஆங்கிலத்திற்கு அது போதுமானதாயிற்று. தமிழ் வடிவம் பேழையில் இல்லை; படமாக அனுப்பினால் முழுப் பக்கத்திற்கு இடமில்லை. எழுத்துருவைக் கணினியிலிருந்தே பொறிக்குள் இறக்கிக்கொள்ளும் வசதி 1985இல் லேசர்ஜெட் பிளஸ் என்னும் அடுத்த பொறியில் வந்தது. அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை அறிந்த லேசர்ரைட்டரோ 1.5 மெகாபைட் நினைவகத்துடன் வந்தமையால், எழுத்தின் புறக்கோட்டைப் பெற்றுத் தானே அச்சுப்புள்ளிகளாக மாற்றிக்கொண்டது. உரோமன் அல்லாத எழுத்துகளுக்கு லேசர் அச்சு திறந்த வாயில்கள் இவ்விரண்டுமே எனலாம்.

நாற்பத்திரண்டு அச்சுப்புள்ளிக்குள் எழுத்து

இரண்டாம் தடை செறிவு பற்றியது. நூல்களில் வழங்கும் பத்துப் புள்ளியளவு எழுத்தின் முழு உயரம், 300 செறிவில் ஏறத்தாழ 42 அச்சுப்புள்ளிகளே. மேலும் கீழும் விடும் இடம் போகக் ககரத்தின் உடலுக்குக் கிடைப்பது அதில் ஏறக்குறையப் பாதி. எழுத்தின் மேலிடும் புள்ளியின் குறுக்களவு முழு உயரத்தில் பத்தில் ஒரு பங்கு எனக் கொள்வோமாயின், அது நான்கு அச்சுப்புள்ளி அகலமே பெறும். கையெழுத்து வழக்கை ஒட்டி அதனைச் சிறு வளையமாக வரைந்தால், உள்ளே எஞ்சும் வெற்றிடம் இரண்டு அச்சுப்புள்ளி. அவ்வளவு சிறிய துளையை மைத்தூள் எளிதில் அடைத்துவிடும்.

மெல்லிய கோடுகளின் நிலை இதனினும் இடர்ப்பட்டது. ஒன்றேகால் அச்சுப்புள்ளி தடிப்புள்ள கோட்டை வரையப் பொறியால் இயலாது. ஒன்றாகவோ இரண்டாகவோதான் வரையமுடியும். ஒரே எழுத்தின் இடப்பக்கக் கோடு ஒன்றாகவும் வலப்பக்கக் கோடு இரண்டாகவும் அமையின், எழுத்து ஒருபுறம் சாய்ந்தது போலத் தோன்றும். ணகரத்தின் சுழிகளும் ஐகார உயிரின் வளைவுகளும் நெருங்கிய இடங்களில் மை நிரம்பிக் கருந்திட்டுகளாயின. ஆங்கிலத்தில் இக்குறை அழகைக் கெடுத்தது. தமிழில் அது பொருளையும் கெடுத்தது. மெய்ப்புத் திருத்துவோர் புள்ளி விடுபட்டதாகக் குறித்த இடத்தில், கோப்பில் புள்ளி இருக்கும், தாளில் இராது. பிழை தட்டெழுதியவருடையதா, பொறியினுடையதா என்னும் ஐயம் ஈய எழுத்துக் காலம் அறியாத ஒன்றாகும்.

பொறிக்குப் பொறி கருமை வேறுபட்டமையும் கருதத்தக்கது. கேனன் சிஎக்ஸ் போன்ற இயந்திரங்களில் கதிர் படும் இடம் கருமையாகும். வேறு சில இயந்திரங்களில் கதிர் படும் இடம் வெண்மையாகும். எழுத்து எஞ்சி நிற்பதே கருமை. கதிரின் பொட்டு வட்டமானதாதலின் அண்டையிடத்தின் மேலும் சற்றுப் படரும். ஆகவே முதல் வகைப் பொறியில் எழுத்து தடிக்கும். இரண்டாம் வகையில் மெலியும். ஒரு பொறியில் அழகாக வந்த எழுத்துரு, மற்றொன்றில் புள்ளி இழந்து நின்றமைக்கு இதுவே காரணமாகும்.

அச்சகத்தின் தேவையும் இதனோடு சேர்ந்தது. தமிழ்நாட்டின் சிறு அச்சகங்களில் லேசர் அச்சு நேரே நூலாவதில்லை. டிரேசிங் தாளில் பக்கத்தை அச்சிட்டு, அதனை ஒளிபுகு படியாகக் கொண்டு ஆப்செட் தகடு எடுப்பது செலவு குறைந்த முறையாக விளங்கியது. தூள் போதிய அடர்த்தியுடன் படியாவிடின் தகடு எடுக்கும்போது மெல்லிய கோடுகள் கரையும். வெப்பத்தால் டிரேசிங் தாள் சற்றுச் சுருங்குவதும் உண்டு. ஆகவே பொறியில் தொடங்கிய இழப்பு ஒவ்வொரு படியிலும் பெருகியது. மதிப்புமிக்க பதிப்புகளுக்குப் பிலிம் எடுத்தமைக்கும், 600, 1,200 அச்சுப்புள்ளிப் பொறிகளைப் பதிப்பகத்தார் நாடியமைக்கும் காரணம் ஆடம்பரமன்று. தமிழ் எழுத்தின் தேவையே அது. 600 செறிவில் அதே பத்துப் புள்ளி எழுத்திற்கு 83 அச்சுப்புள்ளி உயரமும், மேலிடும் புள்ளிக்கு எட்டு அச்சுப்புள்ளி அகலமும் கிடைத்தன.

டெக் மென்பொருளும் தமிழும்

பொறியின் குறையை மென்பொருளால் ஈடுசெய்யும் முயற்சிகளுள் தலையாயது ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத் உருவாக்கிய டெக் ஆகும். தம் நூலின் இரண்டாம் தொகுதியினுடைய மறுபதிப்பிற்கான மெய்ப்புகள் 1977இல் வந்தபோது, அவற்றின் எழுத்துத் தரம் அவருக்கு மனநிறைவளிக்கவில்லை. அந்நிறைவின்மையே டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளுக்கும், எழுத்துருவை வரையும் மெட்டாஃபாண்ட் என்னும் மொழிக்கும் வித்தாயிற்று.

மெட்டாஃபாண்டில் எழுத்து என்பது படமன்று. பேனா செல்லும் வழியைக் கூறும் கணக்கு. அதன் சிறப்பு, அச்சுப்பொறியின் இயல்பையும் கணக்கில் சேர்த்தமையாகும். பொறியின் செறிவு எவ்வளவு, கோட்டைக் கூடுதலாகக் கருமையாக்க வேண்டுமா, சாய்கோடுகளில் மை எவ்வளவு நிரம்பும், வளைவுகள் கோட்டுக்கு வெளியே எவ்வளவு நீளலாம் என்னும் நான்கு அளவுகளை ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனியே கொடுக்கலாம். கேனன் சிஎக்ஸ் இயந்திரத்திற்கெனக் கனூத் வகுத்த அளவுகள் உலகெங்கும் வழங்கின. பொறியைத் திருத்த இயலாதபோது எழுத்தையே பொறிக்கேற்பத் திருத்துவது என்னும் இம்முறை, புள்ளியும் சுழியும் மிக்க தமிழுக்குப் பெரிதும் ஏற்புடையதாகும்.

தமிழுக்கான மெட்டாஃபாண்ட் எழுத்துரு அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே என்பவரால் உருவாக்கப்பெற்று, 1990களின் தொடக்கத்தில் டெக் பயனாளரிடையே பரவியது. அவினாஷ் சோப்டே உருவாக்கிய ஐட்ரான்ஸ் என்னும் நிரல், உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டெழுதிய உரையை இந்திய எழுத்துருக்களின் எண்களாக மாற்றித் தந்தது. தமிழுக்கு அது பயன்படுத்தியது மேற்குறித்த வாஷிங்டன் எழுத்துருவையே. இதே காலத்தில் நெதர்லாந்தில் பிரான்ஸ் வெல்தியூஸ் தேவநாகரிக்கு இத்தகைய அமைப்பை ஆக்கினார். தெலுங்கிற்கும் டெக் சார்ந்த எழுத்துரு தோன்றியது. இந்தியாவில் டெக் பயனாளர் குழு 1998இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது.

எனினும் தமிழ்நாட்டு அச்சகங்களில் டெக் வேரூன்றவில்லை. பக்கத்தைத் திரையில் கண்டவாறே அமைக்க உதவிய பேஜ்மேக்கரே அங்கு நிலைபெற்றது. தமிழ்த் தட்டச்சில் பயின்ற கைகளுக்கு உரோமன் ஒலிபெயர்ப்பு உகந்ததாக இல்லை என்பதும் ஒரு காரணமாகலாம். பேஜ்மேக்கருக்கெனத் தனியார் நிறுவனங்களும் சி-டாக் போன்ற அரசு நிறுவனங்களும் எழுத்துருக்களை வழங்கின. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலறிஞர் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை முதலானவை புலம்பெயர்ந்த தமிழரிடையே வழங்கின. 1992இல் விண்டோஸ் 3.1 கணினியில் இடம்பெற்ற ட்ரூடைப் முறையில், சிறிய அளவுகளில் எந்த அச்சுப்புள்ளி கருக்க வேண்டும் என்னும் குறிப்பை எழுத்துருவுக்குள்ளேயே எழுதிவைக்கலாம். மெட்டாஃபாண்ட் செய்த பணியின் ஒரு பகுதியை இது வேறு வழியில் செய்தது. ஆயின் எழுத்து ஒவ்வொன்றிற்கும் இக்குறிப்பை எழுதுவது உழைப்பு மிக்க பணி. அது செய்யப்படாத எழுத்துருக்களில் பழைய குறைகள் தொடர்ந்தன.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. கேனன் இயந்திரத்திற்கென 300 செறிவில் செதுக்கிய டெக் எழுத்து வடிவங்கள், அக்கோப்புகள் பின்னாளில் மின்னூலாக மாற்றப்பெற்றபோதும் அச்செறிவிலேயே உறைந்து நின்றன. 1,200 செறிவுப் பொறியில் இன்று அவற்றை அச்சிட்டாலும் படிக்கட்டு போன்ற விளிம்புகளே தோன்றும். ஒரு பொறிக்கு உரிய தீர்வு அடுத்த பொறிக்குச் சிக்கலாயிற்று.

எழுத்துரு எண்களும் குறியேற்றமும்

மூன்றாம் தடை, எழுத்துகளுக்கு எண் வழங்கியமை. தமிழ் எழுத்துகள் 247 எனினும், அச்சிற்கு வேண்டிய தனி வடிவங்கள் குறைவு. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18, உகர வரிசை 18, ஊகார வரிசை 18, டகரத்தின் இகர ஈகார வடிவங்கள் 2, கால், கொம்பு முதலான துணைக்குறிகள் 6 என 93 ஆகும். கிரந்த எழுத்துகள் ஐந்தும் அவற்றின் மெய்களும் 10, அவற்றோடு சேரும் உகர ஊகாரக் குறிகள் 2, ஸ்ரீ 1 ஆகியவற்றைச் சேர்க்க 106 வடிவங்கள் வேண்டும். 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய தனி வடிவங்களை நீக்கியது. பழம்பதிப்பை உள்ளவாறே அச்சிட விரும்பின் அவ்வேழு வடிவங்களும் சேர்ந்து 113 ஆகும்.

எட்டு பிட் முறையில் கிடைக்கும் இடங்கள் 256. அவற்றுள் முதற்பாதி உரோமன் எழுத்திற்கு உரியது. பிற்பாதியின் 128 இடங்களுள் முதல் 32 பல இயங்குதளங்களில் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கென ஒதுக்கப்பட்டவை. எஞ்சிய 96 இடங்களிலும் 160ஆம் இடம் பிரியா இடைவெளி. 173ஆம் இடம் மென்கோடு. இவ்விரண்டிலும் வைத்த எழுத்து திரையில் தோன்றினும் சில மென்பொருள்களில் அச்சாகாது மறையும். ஆகத் தடையின்றிக் கிடைப்பவை 94, வேண்டியவையோ 106. இக்கணக்கு ஒவ்வாமையே தமிழ்க் கணினி வரலாற்றின் கடும் விவாதங்களுக்குக் காரணம் எனலாம். வடிவங்களை உடைத்து எண்ணிக்கையைக் குறைத்தால் புள்ளியும் குறிகளும் எழுத்தோடு பொருந்தாது விலகி நின்றன. உடைக்காவிடின் ஒதுக்கப்பட்ட இடங்களில் கைவைக்க நேர்ந்தது.

ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கெனத் தனி எண்வரிசையை வகுத்துக்கொண்டது. பல நாட்டுத் தமிழரும் மின்னஞ்சல் வழிக் கலந்துரையாடி டிஸ்கி என்னும் குறியேற்றத்தை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாட்டரசு ஒருமொழிப் பயன்பாட்டிற்கு டாம், இருமொழிப் பயன்பாட்டிற்கு டாப் என இரு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. ஒன்று போதாது இரண்டு வகுக்க நேர்ந்தமையே மேற்கூறிய இட நெருக்கடிக்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது.

ரேணிகுண்டா, திருப்பதி வட்டாரம்

ரேணிகுண்டா, அரக்கோணம் வழித் தமிழ்நாட்டையும், கூடூர், குந்தக்கல் வழி ஆந்திரத்தின் பிற பகுதிகளையும், திருப்பதியையும் இணைக்கும் இருப்புப்பாதைச் சந்திப்பாகும். இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ள இவ்வூர், 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. சித்தூர் மாவட்டமோ 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பெற்றது. திருத்தணிப் பகுதி அதனின்றும் பிரிந்து 1960இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழும் தெலுங்கும் எல்லைக்கோட்டிற்கு அடங்காமல் கலந்து வழங்கும் நிலப்பரப்பு இது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சப்தகிரி திங்களிதழ் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளிவந்தமையும் இவ்வட்டாரத்தின் அச்சுத் தேவையைக் காட்டும்.

இருமொழிப் பக்கத்தில் எட்டு பிட் எழுத்துருவின் குறை முழுமையாக வெளிப்பட்டது. தமிழ் எழுத்துருவில் ஓரெழுத்தைக் குறிக்கும் அதே எண், தெலுங்கு எழுத்துருவில் வேறோர் எழுத்தைக் குறிக்கும். கோப்பில் இருப்பது எண் மட்டுமே. எம்மொழி என்பதை அறிவிப்பது எழுத்துருவின் பெயர். அப்பெயர் விடுபட்டாலோ, அச்சிடும் கணினியில் அவ்வெழுத்துரு இல்லாவிட்டாலோ, தமிழ்ப் பத்தி தெலுங்கு வடிவங்களாகவும், இரண்டும் உரோமன் குறிகளாகவும் மாறி அச்சாகும். தெலுங்கில் ஒற்றெழுத்துகள் அடியில் தொங்கும் இயல்பினவாதலின் வரியிடைவெளியும் மிகுதியாக வேண்டும். தமிழுக்கு அளவான இடைவெளியில் தெலுங்கு முட்டியது. தெலுங்கிற்கு அளவானதில் தமிழ் சிதறித் தோன்றியது.

இதனினும் ஆழமான சிக்கல் கல்வெட்டுப் பதிப்பைச் சார்ந்தது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பான்மையானவை தமிழில் அமைந்தவை. பல்லவர் குடியைச் சார்ந்த சாமவை அளித்த கொடை முதல் விசயநகர வேந்தர் காலக் கட்டளைகள் வரை அவை பரந்து கிடக்கின்றன. 1930களில் தேவஸ்தானம் சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலானோரைக் கொண்டு அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. இக்கல்வெட்டுகளில் தமிழ் வரிகளுக்கிடையே கிரந்த எழுத்துகள் வரும். நெல், அரிசி, நெய், நிலம் ஆகியவற்றின் அளவுகள் வரும். அவற்றைக் குறிக்கும் பின்னக் குறிகளும் சுருக்கக் குறிகளும் வரும். கிரந்தத்திற்கும் ஈய எழுத்து வார்க்கப்பெற்றிருந்தமையால், அன்றைய அச்சுக்கோப்பாளர் ஒரே வரியில் இரண்டையும் அடுக்கவல்லவராயிருந்தார்.

லேசர் அச்சின் முதல் இருபது ஆண்டுகளில் இவ்வசதி பின்னோக்கிச் சென்றது. 106 வடிவங்களுக்கே இடம் போதாத அட்டவணையில், கிரந்தக் கூட்டெழுத்துகளும் மா, காணி, முந்திரி முதலான பின்னக் குறிகளும் நுழைய இடமில்லை. விளைவு, கல்வெட்டு வாசகத்தைக் கணினியில் அச்சிடுவோர் கிரந்தத்தைத் தமிழெழுத்தாகவும் குறிகளைச் சொற்களாகவும் மாற்றி எழுத நேர்ந்தது. வாசகம் படிக்க எளிதாயிற்று. ஆயின் கல்லில் குறி இருந்ததா, சொல் இருந்ததா என்பதைப் பிற்கால ஆய்வாளர் அறிய வழியில்லாது போயிற்று. பதிப்பாசிரியர் தம் கொள்கையால் செய்யும் மாற்றம் வேறு. எழுத்துரு இன்மையால் நேரும் மாற்றம் வேறு. பின்னது முன்னுரையில் குறிக்கப்படாமலே போதல் கூடும்.

ஒருங்குறியும் அச்சும்

1991இல் வெளியான ஒருங்குறித் தரத்தின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இந்திய அரசின் இஸ்கி அமைப்பை ஒட்டி அமைந்த அதில், எழுத்தின் வடிவத்திற்கன்றி எழுத்திற்கே எண் வழங்கப்பெற்றது. 'கெ' என்பதில் கொம்பு முன்னே அச்சாகினும் கோப்பில் ககரமே முன்னிற்கும். வடிவத்தை அமைக்கும் பொறுப்பு மென்பொருளைச் சார்ந்ததாயிற்று. விண்டோஸ் 2000 இயங்குதளம் லதா எழுத்துருவுடன் அப்பொறுப்பை ஏற்றது. பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் ஏற்கவில்லை. எனவே திரையில் ஒருங்குறி, அச்சில் பழைய எழுத்துரு என்னும் இரட்டை நிலை நெடுங்காலம் நீடித்தது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றபோது, அது இயங்காத இடங்களுக்கு டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் மாற்றுத் தரமாக அறிவித்தமை இந்நிலையை உணர்த்தும்.

டெக் மரபில் இத்தடை முன்னரே நீங்கியது. ஜொனாதன் கியூ 2004இல் வெளியிட்ட சீடெக், ஒருங்குறித் தமிழை நேரே ஏற்று அச்சுக்கோத்தது. இன்டிசைன் மென்பொருள் 2012இல் வெளியான சிஎஸ்6 பதிப்பில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளித்தது. வரியின் இறுதியில் சொல்லை முறிக்கும் விதிகளைச் சந்தோஷ் தோட்டிங்கல் தமிழுக்கும் வகுத்தளித்தார். புள்ளி பெற்ற மெய் வரியின் முதலில் நிற்றலாகாது என்பது அச்சுக்கோப்பாளர் கைப்பழக்கமாக அறிந்திருந்த மரபு. அது இப்போது மென்பொருளின் விதியாயிற்று. கிரந்தம் 2014இல் ஒருங்குறியின் ஏழாம் பதிப்பிலும், தமிழ்ப் பின்னக் குறிகளும் பிற குறிகளும் ஆக 51 குறிகள் 2019இல் பன்னிரண்டாம் பதிப்பிலும் இடம்பெற்றன. திருமலைக் கல்வெட்டு ஒன்றைக் கல்லில் உள்ளவாறே கணினியில் அச்சுக்கோக்கும் வாய்ப்பு, முதல் லேசர்ஜெட் வெளிவந்து 35 ஆண்டுகளுக்குப் பின்னரே முழுமையாகக் கிட்டியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினின்றும் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

லேசர் அச்சுப்பொறி மொழிச்சார்பற்றதாயினும், அதன் நினைவகமும் செறிவும் உரோமன் எழுத்தின் தேவைக்கேற்ப அமைந்தமையால் தமிழ் அச்சு இடர்ப்பட்டது. இழப்பு, பொருள் வேறுபாட்டைத் தாங்கும் புள்ளி, சுழி, கொம்பு ஆகிய சிறு குறிகளிலேயே மிகுதியாக நேர்ந்தது.

செறிவுக் குறை 600, 1,200 அச்சுப்புள்ளிப் பொறிகளால் நீங்கியது. எண் வழங்கியதில் நேர்ந்த குறையோ பொறி வளர்ச்சியால் நீங்கவில்லை. ஒருங்குறியை ஏற்ற மென்பொருள் வந்த பின்னரே நீங்கியது. தாளில் செம்மையாகத் தோன்றிய நூலின் கோப்பு, உரிய எழுத்துரு இன்றி இன்று படிக்க இயலாததாக இருக்கக்கூடும்.

1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் தனியார் எழுத்துருக்களில் அச்சுக்கோக்கப்பெற்ற ஆய்வேடுகளும் பதிப்புகளும் தமிழ்த்துறைகளில் உள்ளன. அவற்றின் கோப்புகளை எழுத்துருவோடு சேர்த்துப் பாதுகாத்தலும், ஒருங்குறிக்கு மாற்றி மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்தலும் காலந்தாழ்த்தாது செய்யத்தக்கவை. மாற்றும் நிரல் தவறும் இடங்கள் பெரும்பாலும் புள்ளியும் கொம்பும் கிரந்தமும் வரும் இடங்களாகவே இருக்கும்.

அக்காலத்துப் பதிப்பொன்றை ஆதாரமாகக் கொள்ளும் ஆய்வாளர், அதிலுள்ள பாடம் பதிப்பாசிரியரின் தெரிவா, எழுத்துருவின் வரம்பா என்பதைச் சீர்தூக்குதல் வேண்டும். ஏட்டில் இல்லாத புள்ளியைத் தேடிய பதிப்பு மரபு, அச்சில் விடுபட்ட புள்ளியையும் தேட வேண்டிய நிலையில் உள்ளது.